சிவப்பாகத் தெரியும் பச்சை

பச்சை பெயிண்ட் அடித்த பீரங்கியும் பச்சை மரமும் வானத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்த ஏமாற்றைப் பிடிக்க கோடக் நிறுவனம் ஒரு படச்சுருள் தயாரித்தது. உயிருள்ள இலையின் செல்கள், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். சாதாரண பெயிண்ட் அனுப்பாது. அந்த ஒளியைச் சிவப்பாகப் பதிவுசெய்தால் காடு சிவக்கும், பீரங்கி நீலமாக மாட்டிக்கொள்ளும்.

போர் முடிந்தபின் இந்தச் சுருள் வயலுக்கு வந்தது. தானியப் பயிர்களின் நோயை வான்படத்தில் கண்டறியலாம் என்று 1956இல் கலிஃபோர்னியாவின் ராபர்ட் கோல்வெல் எழுதினார். இந்தியாவில் வான்படம் படிக்கச் சொல்லித்தரவே 1966இல் டேராடூனில், நெதர்லாந்து உதவியோடு, ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆமாம், அது படிப்புதான். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் சேர்த்துப் பார்த்தால் மலை எழுந்து நிற்கும். ஓடைகள் கிளைக்கிற விதத்திலிருந்து அடியில் என்ன பாறை என்று ஊகிக்கலாம்.

1970இல் பி.ஆர். பிஷாரடி தலைமையிலான குழு கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் படங்கள் எடுத்தது. தேடியது வேர்வாடல் நோயை. நோய் பிடித்த மரங்கள் படத்தில் நிறம் மாறித் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த மரம் என்று காட்டிய படம், ஏன் என்று சொல்லவில்லை. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்பதற்கான தடயம், 1980களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் கிடைத்தது.

இன்று அதே அகச்சிவப்பைச் செயற்கைக்கோள்கள் அனுப்புகின்றன. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கிற எங்கள் வேங்கிக்காலில் ஓர் ஏரி உண்டு. இப்படிப்பட்ட படத்தில் ஏரித் தண்ணீர் கறுப்பாகவும் நெல் சிவப்பாகவும் தெரியும். ஓர் ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டால் அதுவும் அதே சிவப்புதான். பசுமை கூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கு சொல்லும். கணக்கில் தப்பில்லை. ஏரிக்குத்தான் மூச்சு முட்டும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இந்தக் கணக்கைப் போட பத்து வரி போதும். அந்தப் பத்து வரியை மட்டும் நம்பி, சாகிற ஏரியைச் செழிப்பானது என்று அறிக்கை எழுதிவிட முடியும். அதனால்தான் வான்படம் படிப்பவர்கள், படத்தில் கண்டதைத் தரையில் போய்ச் சரிபார்ப்பதையும் பாடமாகவே வைத்தார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து படம் எடுத்தாலும், கரையில் நின்று அது நெல்லா தாமரையா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.