சாகாத உடலும் சொத்துரிமையும்

மரணமின்மை பற்றிய புனைகதைகளைத் தத்துவ விசாரமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் பிரதிகளுக்குள் ஓயாமல் ஒலிப்பது திண்ணைக் கேள்வி ஒன்றுதான்: கிழவன் சாகலைன்னா சொத்து யாருக்கு?

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இலேயே இதைக் கேட்டுவிட்டார். 'கலிவரின் பயணங்கள்' நூலில் வரும் சாகாப்பிறவிகளான ஸ்ட்ரல்ட்பிரக்குகள், 80 வயதானதும் சட்டப்படி இறந்தவர்கள். சொத்து வாரிசுக்குப் போய்விடும். அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக்குச் சொற்பம் மட்டும். காரணம் வெளிப்படை. மூப்போடு பேராசையும் வளரும். விட்டுவைத்தால் நாடே அவர்கள் உடைமையாகிவிடும்.

காரல் சாபெக்கின் மாக்ரோபுலோஸ் நாடகத்தில் (1922) 300 வயது தாண்டிய பாடகி நுழைவதே, ஏறக்குறைய நூறாண்டாக இழுத்துக்கொண்டிருக்கும் சொத்து வழக்கு ஒன்றின் வழியாகத்தான். பேரரசருக்கென்று அவள் தகப்பன் தயாரித்த மருந்தை முதலில் சோதித்துப் பார்த்தது 16 வயது மகளின் உடலில். பின்னாளில் அந்தச் சூத்திரம் கைக்கெட்டும்போது, எல்லோருக்கும் கொடு என்கிறார் குமாஸ்தா; தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் என்கிறார் பிரபு. 'தகுதி' என்கிற சொல் நமக்குத் தெரியாததா என்ன! கடைசியில் ஓர் இளம்பெண் அதை எரித்துவிடுகிறாள்.

இந்த வரிசையில் தனித்து நிற்பவர் அலெக்சாந்தர் போக்தானவ். மருத்துவர், போல்ஷ்விக், லெனினோடு முரண்பட்டு 1909இல் அந்த அணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவருடைய 'செந்நட்சத்திரம்' (1908) நாவலில் செவ்வாய்க் கிரகத்தின் பொதுவுடைமைச் சமூகம் ரத்தத்தையும் பொதுவாக்குகிறது. ஒருவருக்கொருவர் ரத்தம் மாற்றிக்கொள்கிறார்கள், இளமை நீடிக்கிறது. உடல் என்கிற கடைசித் தனியுடைமையும் அங்கே தகர்கிறது.

பிரதி அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். மக்கள்தொகை பெருகி, பிறப்பைக் கட்டுப்படுத்தவும் மறுக்கிற அந்தச் சமூகத்தில் வளங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. பூமியில் குடியேறலாமா என்று விவாதிக்கிறார்கள். பூமிக்காரர்களை அழித்துவிடுவதே வழி என்று ஸ்டெர்னி நிதானமாக, கணக்குப் போட்டுச் சொல்கிறான். நெட்டி என்ற பெண் அதை எதிர்த்து நிற்கிறாள். தனக்குள் சமத்துவம் கண்ட சமூகமும், தன் நீடிப்புக்காக வெளியே ஒரு 'மற்றதை'த் தேடும் ஆபத்தை இந்தப் பொதுவுடைமைப் பிரதியே எழுதிக்காட்டுகிறது.

போக்தானவ் கதையோடு விடவில்லை. 1926இல் மாஸ்கோவில் ரத்தமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1928இல் நோயுற்றிருந்த ஒரு மாணவரோடு ரத்தம் பரிமாறிக்கொண்டார். மாணவர் பிழைத்தார், போக்தானவ் இறந்துபோனார். பொது என்று பேசியவர் தன் கையைத்தான் முதலில் நீட்டினார்.

நார்மன் ஸ்பின்ராட்டின் 'பக் ஜாக் பேரன்' (1969) இதற்கு நேர் எதிர்த் துருவம். அங்கே கோடீஸ்வரனின் சாகாவரம், ஏழைப் பெற்றோரிடம் விலைக்கு வாங்கிய கறுப்பினக் குழந்தைகளின் உடலிலிருந்து வருகிறது. 'சும்மா கற்பனை' என்று தள்ளிவிட முடியாது. கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் இளையவர்களின் பிளாஸ்மாவை லிட்டர் 8,000 டாலருக்கு முதியவர்களுக்கு விற்றது. இத்தகைய சிகிச்சைக்கு நிரூபிக்கப்பட்ட பலன் எதுவும் இல்லை, ஆபத்து உண்டு என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 பிப்ரவரியில் எச்சரித்தது.

போக்தானவிடம் ரத்தம் இரண்டு பக்கமும் ஓடியது. சந்தையில் ஒரே பக்கம்தான் ஓடுகிறது. ஆயுள் நீளும் கதையை நாளை நம்மில் யாராவது எழுதப்போனால், பாத்திரத்தின் வயதை அப்புறம் கணக்கிடலாம். முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: ரத்தம் யாருடையது? கொடுத்தவனுக்குத் திரும்ப என்ன கிடைச்சுது?