தட்டணுக்கள்: எண்ணிக்கையிலிருந்து இனம்பிரிப்பு வரை

ரத்த அணுக்களில் மிகச் சிறியவை தட்டணுக்கள். விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர்; உட்கரு கிடையாது; ஆயுள் 7 முதல் 10 நாள். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் முதலில் ஒட்டிக்கொண்டு கசிவை அடைப்பவை இவையே. இதை 1882இல் இத்தாலியின் ஜூலியோ பிட்சோசெரோ விளக்கினார். எலும்பு மஜ்ஜையின் மெகாகேரியோசைட்டுகளிலிருந்து இவை பிரிந்து வருவதை 1906இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் கண்டறிந்தார்.

நெடுங்காலம் எண்ணிக்கைதான் அளவுகோலாக இருந்தது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நியூபாயர் கட்டத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற கருவி இந்த உழைப்பைக் குறைத்தது. நுண்துளை வழியே அணு செல்லும்போது மின்தடை மாறும். மாற்றத்தின் அளவு அணுவின் பருமனைக் காட்டும். ஆனால் வழக்கத்தைவிடப் பெரிய தட்டணுக்களை இக்கருவி எண்ணாமல் விட்டுவிடக்கூடும்.

இந்தச் சிக்கலுக்கு வேலூரில் ஒரு முக்கியமான சான்று கிடைத்தது. மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்காகத் திரளாக மக்கள் வரும் ஊர் அது. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வங்கக் குருதிக் கொடையாளர்களைத் தென்னிந்தியக் கொடையாளர்களோடு ஒப்பிட்டு 2002இல் ஆய்வு வெளியிட்டனர். வங்கத்தவர் பலருக்குத் தட்டணுக்கள் குறைவு, உருவில் பெரியவை. ரத்தப்போக்குத் தொல்லையோ இல்லை. பின்னர் இது ஹாரிஸ் தட்டணுக் கூட்டறிகுறி எனப்பட்டது. இத்தகையோரை நோயாளி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுப்பது வீண்.

இதற்கு நேரெதிரானது, 1918இல் எட்வார்ட் கிளான்ஸ்மன் விவரித்த பரம்பரை நோய். எண்ணிக்கையும் உருவமும் சரியாகவே இருக்கும். ஆனால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேராததால் ரத்தம் எளிதில் நிற்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், மாமன் மகள், அக்கா மகள் திருமணங்கள் வழக்கிலுள்ள தென்னிந்தியக் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

இந்த வேறுபாட்டைக் காட்டுவது ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவார்கள். சிடி41, சிடி61 புரதங்கள் இல்லாமலோ மிகக் குறைந்தோ இருந்தால் பெரும்பாலும் கிளான்ஸ்மன் நோய். சிடி42பி இல்லாமல் தட்டணுக்களும் பெருத்திருந்தால், 1948இல் விவரிக்கப்பட்ட பெர்னார்ட்–சூலியே நோய். அளவை நம்பாமல் புரதத்தைக் கொண்டு அடையாளம் காண்பதால், பெரிய தட்டணுக்களும் கணக்கில் விடுபடுவதில்லை. 2001இல் இதே முறை தட்டணு எண்ணிக்கைக்கான சர்வதேச மேற்கோள் முறையாகப் பரிந்துரைக்கப்பட்டது.