கையில் கொடுத்த கை

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில் சேரப்பணஞ்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த அந்தச் சுற்றுவட்டாரம் இன்று காரும் லாரியும் உருவாகும் தொழிற்சாலைப் பிரதேசம். பல ராஜ்யங்களிலிருந்து, பல பாஷை பேசுகிறவர்கள், பல மதத்தினர் பிழைப்புத் தேடி வந்து குடியேறியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு ஜாதியும் தெரியாது, சமயமும் தெரியாது. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனுக்கு இரண்டும் தெரியும். இத்தனை பேர் நெருங்கி வாழும் இடத்தில் என்றைக்காவது ஒரு மனஸ்தாபம் வந்தால் அதை எப்படித் தீர்ப்பது?

இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதன் ஆரம்பமும் இந்த வட்டாரத்தில்தான்.

சேரப்பணஞ்சேரிக்குச் சிறிது தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு இராமாநுஜர் அவதரித்தார் என்பது வைணவ மரபு. பிற்காலத்தில் அவர் சோழநாட்டை விட்டு ஹொய்சள நாட்டுக்குச் சென்றார். திருநாராயணபுரம் என்னும் மேல்கோட்டையில் தங்கினார். அது சமணம் செழித்திருந்த பூமி. மன்னன் விஷ்ணுவர்தனன் சமணத்தை விட்டு வைணவன் ஆனான் என்று வைணவர்கள் சொல்லுவார்கள். ஆனால் அவனுடைய பட்டமகிஷி சாந்தலை சமணத்தை விடவில்லை. 1123-ல் சிரவணபெளகொளத்தில் ஒரு ஜினாலயம் எடுப்பித்தாள். ஒரே அந்தப்புரத்தில் இரண்டு சமயங்கள் சண்டையின்றிக் குடியிருந்தன.

அரண்மனையில் இருந்த நயம் தெருவிலும் நிலைத்திருந்ததா? இல்லை. சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்து, விஜயநகரத்தைப் புக்கராயர் ஆண்டபோது, வைணவர்களுக்கும் சமணர்களுக்கும் வழக்கு முற்றியது. ஆனைகொந்தி, பெனுகொண்டை முதலிய ஊர்ச் சமணர்கள் திரண்டு, வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்வதாக அரசரிடம் முறையிட்டார்கள். 1368-ஆம் ஆண்டில் அவர் அளித்த தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டுச் சிரவணபெளகொளத்தில் இன்றும் நிற்கிறது. மாற்றுச் சமயங்களை வென்றவர் என்று இராமாநுஜரைப் புகழ்ந்துகொண்டுதான் அந்தச் சாசனம் தொடங்குகிறது! அப்படித் தொடங்கி அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் விசேஷம்.

புக்கராயர் 18 நாட்டு வைணவர்களையும் வரவழைத்தார். ஸ்ரீரங்கம், திருமலை, காஞ்சி, திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்கள் வந்தார்கள். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த திருக்குலத்தாரும் ஜாம்பவ குலத்தாரும்கூட அந்தச் சபையில் இடம் பெற்றார்கள். எல்லார் முன்னிலையிலும் அரசர் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் வைத்தார். இரண்டு தரிசனங்களுக்கும் பேதம் இல்லை என்றார். பஞ்ச மகா வாத்தியங்களும் கலசமும் சமணர்களுக்கு முன்போலவே உண்டு. சமணத்துக்கு நேரும் குறைவைத் தங்களுக்கு நேர்ந்த குறைவாக வைணவர்கள் கருத வேண்டும். இந்தச் சாசனத்தை ராஜ்யமெங்கும் சமணக் கோயில்களில் வைணவர்களே நாட்ட வேண்டும் என்று விதித்தார்.

இதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு நல்ல பிரசங்கமாகப் போயிருக்கும். ஆனால் அந்தக் கல் மேலும் பேசுகிறது. சமணர் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வசூலிக்க வேண்டும். திருமலைத் தாதய்யா என்ற வைணவப் பெரியவர் அந்தப் பணத்தைக் கொண்டு பெளகொளத்துக் கோமடேசுவரருக்கு 20 காவலர்களை நியமிக்க வேண்டும். மிச்சப் பணத்தில் பாழடைந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துச் செப்பனிட வேண்டும்!

எவரிடமிருந்து பயமோ அவரிடமே காவலை ஒப்படைத்தார் மன்னர். சமணக் கோயிலில் ஒரு கல் பெயர்ந்தால் இனி வைணவப் பெரியவர் பதில் சொல்ல வேண்டும். காவலுக்கான செலவைக் கொடுத்தவர்கள் சமணர்களே என்பதை மறைப்பதற்கில்லை. இன்றைய நியாயத் தராசில் வைத்தால் அது குறைதான். இருந்தாலும் அன்பு செலுத்துங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், யார், எந்தப் பணத்தில், எத்தனை ஆள் வைத்து, என்ன வேலை செய்வது என்று கணக்காக எழுதி வைத்தார்களே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, 1387-88-ல், அதே விஜயநகர அரசில் அமைச்சராக இருந்த இருகப்பர் என்ற சமணர் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தில் சங்கீத மண்டபம் கட்டினார். வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் காஞ்சிக்கு அருகில் அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது.

நமக்கு இப்போது மன்னர் இல்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், அவரவர் சமயத்தைப் பின்பற்றுவதை எல்லாருக்கும் உரிமையாகவே கொடுத்துவிட்டது. ஒருவர் கிருபையை மற்றவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் ஒவ்வொரு தெருவிலும் வந்து நின்று கையைப் பிடித்துக் கையில் வைக்குமா? அதைத் தெருவில் இருப்பவர்கள்தாம் செய்ய வேண்டும். சமய ஒற்றுமைக்கு மேடை போட்டுப் பேசுவது நல்லதுதான். அதோடு, ஓர் ஊரில் அதிகம் பேராக இருக்கிறவர்கள், குறைந்த பேராக இருக்கிறவர்களின் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாதா கோவிலுக்கோ திருவிழா நாளில் காவல் நிற்கட்டும். சுவர் இடிந்தால் சாந்துச் சட்டியைத் தூக்கட்டும். 1368-ல் முடிந்த காரியம் நமக்கு முடியாமல் போவானேன்?