பத்தடிக் காம்பராவுக்கு எந்த லென்ஸ்?

கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது ஆசிரியராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பாவித்த கமெரா ஒன்றை வாங்கியிருக்கிறார். லென்ஸ் ஒன்று வாங்கத்தான் கையில் பணம் உண்டு. தோட்டத்து மனிதர்களையும் அவர்களது அன்றாட வாழ்வையும் படம் பிடிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. விசாரித்த இடமெல்லாம் "ஐம்பது மில்லிமீற்றர் வாங்கு" என்கிறார்களாம். வாங்கலாமா என்பதே கேள்வி.

சப்ரகமுவத் தோட்டங்களுக்குள் கமெரா நுழைந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்துவிட்டு இதற்கு விடை சொல்வதே முறை என எண்ணுகிறேன்.

இலங்கைப் பெருந்தோட்டங்களை முதலில் படம் பிடித்தோர் வணிக நிழற்படக்காரர்கள். 1860களிலிருந்து ஸ்கீன் நிறுவனமும், 1870களிலிருந்து சார்ள்ஸ் ஸ்கோவனும், 1890 முதல் பிளேட் நிறுவனமும் இத்தொழிலில் இருந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களும் கூடை சுமந்த வரிசைகளும் அல்பங்களாகவும் தபால் அட்டைகளாகவும் விலைபோயின. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையாரும் களுத்துறையில் உழைக்கும் மக்களைப் படம் எடுத்தார். அவருடைய படங்களில் முகங்களுக்கு ஒரு கண்ணியம் உண்டு. எனினும், இங்கு அவர் படமெடுத்தோரில் பெரும்பாலானோரின் பெயர் பதிவாகவில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களும் அறிஞர்களும் பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். இங்குள்ளவர்கள் "குடியானவர்கள்" என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டார்கள்.

இரண்டாவதாக வந்தது அரசாங்கத்தின் கமெரா. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் சுமார் எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் குடியுரிமை கிடைத்தோர் சுமார் 134,000 பேரே. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சிறிமா - இந்திரா உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது.

பங்கிடப்பட்டவர் கடல் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் பல முதன்முதலாக ஸ்டூடியோவின் படியேறியது இதற்காகத்தான். நல்ல சேலை உடுத்தி, பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ அவிசாவளைக்கோ பஸ்ஸில் போய், வெறும் திரைக்கு முன்னால் அசையாமல் நின்று எடுத்த படம் அது. இன்று நீலகிரியின் டான்டீ தோட்டங்களிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இறப்பர் தோட்டங்களிலும் குடியமர்ந்தோரின் வீடுகளில் பாட்டன் பாட்டியின் ஒரே படமாக அது இருக்கக் காணலாம். முகம் தெரியும். அவர்கள் வாழ்ந்த லயம், வாசல், அடுப்பு, பால்வெட்டும் மரம் எதுவும் தெரியாது.

நாட்டிலேயே தங்கியவர்களுக்கோ வேறொரு இழப்பு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் சுட்டன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பகுதி பட்டபாட்டை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. லயங்கள் எரிந்தபோது, தகரப் பெட்டிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழோடு படங்களும் எரிந்தன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தனர். ஆகவே, தன் மக்களைத் தானே படம் பிடிக்க வேண்டுமென்ற அந்த ஆசிரியரின் விருப்பத்தை வெறும் பொழுதுபோக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி லென்ஸுக்கு வருவோம்.

ஐம்பது மில்லிமீற்றரின் புகழ் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமெராவோடு தொடங்கியது. சினிமாப் படச்சுருளில் 24க்கு 36 மில்லிமீற்றர் சட்டகமும் அதற்கு 50 மி.மீ. லென்ஸும் என அது அமைந்தது. கொழும்பில் லயனல் வென்ட் (1900 - 1944) கையாண்ட கமெராக்களிலும் லைக்கா உண்டு. பின்னர் வந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற கமெராக்களோடும் 50 மி.மீ. லென்ஸே சேர்ந்து விற்கப்பட்டது. பத்திரிகைத் துறையில் என் காலத்தவர் பலரும் அதில்தான் பழகினோம். இலேசானது, மலிவானது, வெளிச்சத்தை நன்றாக வாங்குவது. இவை மூன்றும் இன்றும் உண்மை.

ஆனால், வீட்டுப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட கமெராக்களைக் கவனியுங்கள். 1967இன் ஒலிம்பஸ் ட்ரிப் 35இல் இருந்தது 40 மி.மீ. 1968இன் கொனிக்கா சி35இல் 38. பின்னாளில் தமிழகத்தில் வீட்டுக்கு வீடு புழங்கிய யாஷிகா எம்.எஃப்.2இலும் 38தான். இந்தக் கமெராக்களின் லென்ஸை மாற்ற இயலாது, ஒன்றே ஒன்றுதான். ஆகையால் தயாரிப்பாளர்கள் யோசித்தே தெரிந்திருக்க வேண்டும். சாதாரண மனிதரின் அறை சிறியது. அதற்குள் குடும்பம் முழுவதும் அடங்க வேண்டும்.

தோட்டத்து அறையோ இன்னும் சிறியது. லயத்தின் ஒரு காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடையில் ஒரு சொல் பற்றிய செய்தி: "காம்பரா" போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அதன் வேர் இலத்தீனில் அறையைக் குறிக்கும் "கமெரா". நாம் கையில் ஏந்தும் கருவியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

கணக்கைப் பார்ப்போம். படத்தில் அடங்கும் அகலம் என்பது, சென்சரின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது. சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் எதிரே அமர்ந்திருப்பவர் எட்டடி தூரத்தில் இருப்பார் எனக் கொள்வோம். படச்சுருள் கமெராவில் 50 மி.மீ. ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடியைக் காட்டும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் கமெராக்களின் சென்சர் சிறியது. கெனன் வகையில் அதன் அகலம் 22.3 மி.மீ.தான். அதே 50 அதில் மூன்றரை அடியை மட்டும் காட்டும். இருவர் அமரலாம், மூன்றாமவர் வாசலுக்குப் போக வேண்டியதுதான்! "ஐம்பது வாங்கு" என்று சொல்வோர் பலர், அந்த அறிவுரை பெரிய சட்டகத்துக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

எனவே, கெனனின் சிறிய சென்சர் டி.எஸ்.எல்.ஆர். கமெரா உடையவருக்கு 2014இல் வெளிவந்த 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை நான் சொல்வேன். எட்டடியில் சுமார் ஏழரை அடி அகலம் கிடைக்கும். பழைய யாஷிகாவின் பார்வைக்கு இது மிகவும் நெருக்கம். நிக்கன் வகையினருக்கு அத்தகைய மலிவான அகல லென்ஸ் இல்லை. 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 டி.எக்ஸ். லென்ஸே பொருத்தம். அது எட்டடியில் ஐந்தரை அடி காட்டும். அதாவது பழைய ஐம்பதின் வேலையைச் செய்யும். ஒரு எச்சரிக்கை: டி40, டி60, டி3000 போன்ற நிக்கன் கமெராக்களில் குவிய மோட்டார் கிடையாது. பழைய "டி" வகை லென்ஸுகள் அவற்றில் தாமாகக் குவியா.

அடுத்தது வெளிச்சம். இறப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது அதிகாலையில். அவ்வேளையில் மரநிழலுக்குள் வெளிச்சம் சொற்பம். கமெராவோடு வரும் ஸூம் லென்ஸ் 50 மி.மீ.க்கு நீளும்போது அதன் துவாரம் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.8 என்றாலும் நான்கு மடங்கு உண்டு. நிலைக் குவிய லென்ஸுக்கு ஸூமின் வசதி இல்லாவிட்டாலும், பிளாஷ் அடித்து முகத்தை வெளுப்பாக்காமல் கத்தி பிடித்த கையை அந்த மங்கலிலேயே எடுக்க அது உதவும்.

மூன்றாவது, மழை. இரத்தினபுரி இலங்கையின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், புதிய லென்ஸ் பலருக்கு எட்டாக்கனியாயிற்று. பாவித்ததை வாங்குவோர் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய பின், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் பையில் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும்.

அகல லென்ஸுக்குக் குறையும் உண்டு. முகத்துக்கு மிக அருகே போனால் மூக்குப் பெருத்துத் தெரியும். ஐந்தடியாவது தள்ளி நிற்பது நல்லது. திருமண மேடையில் மணமக்களை மட்டும், திருவிழாவில் காவடி எடுப்பவரின் முகத்தை மட்டும் எடுப்பதே முதன்மை நோக்கமெனில், ஐம்பதே சிறந்தது. நோக்கம் எதுவென்று முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு கடைக்குப் போகலாம்.

ஆசிரியரின் நோக்கம் வீடும் மனிதரும் சேர்ந்த படம். ஸ்டூடியோத் திரை மறைத்த அடுப்பும் வாசலும் சாமிப் படமும் அதில் இருக்க வேண்டும். ஆகவே அகலமானதையே வாங்கச் சொன்னேன். மேலும் இரண்டு வேண்டுகோள்களையும் வைத்தேன். எடுத்த படத்தை அச்சிட்டு உரியவர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். பின்புறத்தில் அவருடைய பெயரையும், தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், திகதியையும் தெளிவாக எழுத வேண்டும். ஸ்கோவனின் அல்பங்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இல்லாதது அந்தப் பெயர்கள்தாம்.