சொந்தமாகக் கட்டிய விமானங்களில் வெப்பமும் காற்றோட்டமும்

தனியொருவர் தம் சொந்த முயற்சியில் விமானம் கட்டிப் பறக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 1910-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் உந்தப்பட்ட ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ் என்னும் சென்னை விடுதி உரிமையாளர், தாமே வகுத்த அமைப்பின்படி சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்வித்து, பல்லாவரத்தில் சோதித்தபின், 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். அக்காலத்து விமானங்களில் மூடிய அறை கிடையாது. சென்னை வெயிலில் தாழப் பறந்த அவருக்குக் குளிர் ஒரு பொருட்டாக இருந்திருக்கவும் முடியாது.

உயரம் கூடக் கூட நிலைமை மாறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் 35 பாகை வெயில் காயும் பகலிலேயே, அவ்வூருக்கு நேர்மேலே 3000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 15 பாகைதான் இருக்கும். 6000 மீட்டரில் அது உறைநிலைக்குக் கீழே போய்விடும். முதல் உலகப் போரின் விமானிகள் இக்குளிரை உடையால் எதிர்கொண்டனர். சிட்னி காட்டன் 1917-இல் வடிவமைத்த சிட்காட் என்னும் முழுவுடல் அங்கி அவற்றுள் புகழ்பெற்றது. 1932 அக்டோபரில் டாட்டாவின் அஞ்சல் சேவை கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தபோது பயன்பட்ட பஸ் மாத் விமானமோ மூடிய அறை கொண்டது. அறை மூடப்பட்டதும், உள்ளிருப்போர் சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

1953-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தின் வழியே வளர்ந்த வீட்டுக் கட்டுநர்கள், பெரும்பாலும் எஞ்சினின் வீண் வெப்பத்தையே அறைக்குத் திருப்பினர். எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை உறைபோலப் பொருத்தி, வெளிக்காற்றை அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் செலுத்தினால், அது புகையோடு கலவாமலே சூடேறி, வளையும் குழாய் வழியே தீத்தடுப்புச் சுவருக்கு வந்துசேரும். எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் அச்சுவரில் உள்ள அடைப்பிதழ், சூடு வேண்டாதபோது அக்காற்றை வெளியே தள்ளிவிடும். 660 பாகையில் உருகும் அலுமினியம் தீயைத் தாங்காது என்பதால் அவ்விதழ் எஃகால் ஆனதாக இருத்தல் நலம். இந்த ஏற்பாட்டின் முழுப் பாதுகாப்பும் ஒரு குழாயின் சுவரில் தங்கியிருக்கிறது. அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நேராக அறைக்குள் புகும். ஆகவே உறையைக் கழற்றி, குழாய்க்குள் காற்றை ஊதி, மேலே சோப்புநீர் தடவி, குமிழி எழும் இடத்தைத் தேடுவது பராமரிப்பின் தவிர்க்கவியலாத பகுதியாயிற்று. பர்ட் ருட்டானின் லாங் ஈஸி போல எஞ்சினைப் பின்னால் கொண்ட வடிவங்களில் சூட்டை முன்னிருக்கை வரை கொண்டுசெல்வதே பெரும்பாடு.

வெப்ப நாடுகளில் காற்றோட்டத்துக்கே முதலிடம் தர வேண்டும். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானம் 2017-இல் பதிவு பெற்ற பின் இம்முயற்சி இந்தியாவில் பலர் கவனத்துக்கு வந்தது. ஆயினும் மேலை நாட்டு வரைபடங்களை அப்படியே பின்பற்றுவோர், கண்ணாடிக் கூரையின் கீழ் தரையில் காத்திருக்கும் நேரத்தின் புழுக்கத்தைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 1940-களில் அமெரிக்காவின் நாக்கா ஆய்வுக்கூடங்களில் உருவான, உடற்பரப்போடு ஒட்டிப் பதிந்த நுழைவாய் இன்று பல வீட்டு விமானங்களில் காற்றை உள்ளிழுக்கிறது. ஆனால் வெளியேறும் வழி இல்லையேல் எவ்வளவு பெரிய நுழைவாயும் பயன்தராது. அவ்வழியைத் தவறான இடத்தில் வைத்தால் எஞ்சின் புகையே பின்புறமாக உள்ளே இழுக்கப்படும்.

இந்த ஆபத்து வீட்டுக் கட்டுநர்க்கு மட்டும் உரியதன்று. 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த விபத்தில் விழுந்தது தொழிற்சாலையில் செய்த பைப்பர் மாலிபு விமானம். அவர் குருதியின் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடால் பிணைக்கப்பட்டிருந்ததைப் பிரிட்டன் விசாரணையாளர்கள் கண்டனர். விமானி அல்லாத பயணிகளை ஏற்றும் பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அவ்வாயுவை உணர்ந்து எச்சரிக்கும் கருவி 2025 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் கட்டாயமாயிற்று. இங்கு விமானம் கட்ட முனைவோர் சட்டத்துக்குக் காத்திராமல் அக்கருவியை முதல் பறப்புக்கு முன்பே பொருத்திக்கொள்ள வேண்டும்.