மீன்கூடையும் பேருந்துப் படியும்



கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் விடியுமுன் மீன் எடுத்து, சிதம்பரம் வரை கொண்டுபோய் விற்கும் பெண்களை 'மீன்காரம்மா' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இருட்டில் நடை, இடுப்புச் சுருக்குப்பையில் காசு. குடித்துவிட்டு வம்பு பேசுகிறவன், தண்டல்காரன், ஒதுங்க இடமில்லாத சந்தை எல்லாவற்றையும் தாண்டித்தான் வியாபாரம்.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் வாடை என்று சொல்லி ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது அதே ஆண்டு மே மாதம்தான்! அந்த அம்மா அழுதுகொண்டே அங்கேயே நின்று நியாயம் கேட்டார். காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம். யாரும் படம் பிடிக்காத நாட்களில் என்ன நடந்திருக்கும்? வசவைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்திருப்பார்கள்.

1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' தொடங்கியது இத்தகைய சிறு வியாபாரிப் பெண்களுக்காகத்தான். வட்டிக்காரன் பிடி தளர்ந்தால் வாய் திறக்கும் துணிவு தானே வரும் என்பது என் கருத்து.

சட்டமும் பிறகு வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலுவலகம் இல்லாத உழைப்பாளிப் பெண்ணும் பாலியல் தொல்லை குறித்து மாவட்டக் குழுவில் புகார் தரலாம். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவின் வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. மகளிர் உதவி எண் 181. உங்கள் தெருவுக்கு வரும் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு மீன் வாங்குங்கள்.