உபகாரச் சம்பளமும் ஆடுகளமும்

ஓடுகின்ற பிள்ளைக்கு உணவும் உறையுளும் யார் தருவது என்னும் வினா, ஓட்டத்தில் யார் வெல்வது என்னும் வினாவினும் மூத்தது. 2024 நவம்பர் 11ஆம் நாள் நம் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரித் திடலில் இவ்விரண்டு வினாக்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவின் நிறைவு நாள் அது. தடகளத்தில் சிறந்த பள்ளி என்னும் பட்டம் மலப்புறம் மாவட்டத்துக் கடகசேரி ஐடியல் பள்ளிக்குக் கிடைத்தது. அதில் பூசல் ஏதும் இல்லை. இரண்டாம் இடம் திருவனந்தபுரம் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு என்று அறிவித்தவுடன்தான் திருநாவாயா நவமுகுந்தா பள்ளியாரும் கோதமங்கலம் மார் பேசில் பள்ளியாரும் கொதித்தெழுந்தனர். அரசுச் செலவில் உணவும் விடுதியும் பயிற்சியும் பெறுகின்ற, மாநிலம் முழுவதிலிருந்தும் தெரிந்தெடுத்த பிள்ளைகளைக் கொண்ட பள்ளியைப் பொதுப் பள்ளிகளின் வரிசையில் வைத்து எண்ணுவது முறையா என்பது அவர்கள் வழக்கு. அவ்விரு பள்ளிகளையும் அடுத்த ஆண்டுப் போட்டியினின்று அரசு விலக்கியதும், அவை வருத்தம் தெரிவித்தபின் 2025 தொடக்கத்தில் அத்தடையை நீக்கியதும் நாடறிந்த செய்தி. ஆயினும் வழக்கின் உட்பொருளை ஆராய்ந்தோர் சிலரே.

இதன் வேரைத் தேடினால் 1954ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். பூஞ்ஞாறு அரச குடும்பத்திற் பிறந்து திருவிதாங்கூர் இளவரசியை மணந்த கர்னல் கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியால் திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டு மன்றம் அவ்வாண்டில் தோன்றியது. விளையாட்டு என்பது வசதியுள்ளார் பொழுதுபோக்கு என்றிருந்த காலத்தில், அதனை அரசு பொருள் கொடுத்து வளர்க்கவேண்டும் என்று எண்ணியவர் அவர். 1971இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளியே இன்று வழக்குப் பொருளாயிற்று என்பது வரலாற்றின் விளையாட்டு போலும்!

1976இல் கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றை அரசு தொடங்கியது. பய்யோளி என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து அங்கே சென்ற சிறுமி பி. டி. உஷாவுக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் மாதம் 250 ரூபாய். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு விநாடியில் மூன்றாமிடத்தை இழந்தவர் அவர்தாம். அந்த 250 ரூபாய் இல்லாதிருந்தால் அவ்வீட்டுப் பிள்ளை அத்தனை தொலைவு ஓடியிருக்குமோ என்று ஐயுறுகிறோம்.

அரசு காட்டிய வழியைத் தனியார் பள்ளிகளும் பின்பற்றின. நம் மாவட்டத்துக் கோதமங்கலத்தில் செயிண்ட் ஜார்ஜ் பள்ளியும் மார் பேசில் பள்ளியும் விடுதி வைத்துப் பிள்ளைகளை வளர்த்தன. பிற மாவட்டங்களிலிருந்து மட்டுமன்று, மணிப்பூரிலிருந்தும் சிறுவர்கள் செயிண்ட் ஜார்ஜுக்கு வந்தனர். எர்ணாகுளம் மாவட்டம் பல்லாண்டுகள் முதன்மை பெற்றதற்குக் காரணம் இவ்விரு விடுதிகளே எனின் மிகையாகாது. 2018இல் மாநிலத்தின் முதற்பள்ளியாக நின்ற செயிண்ட் ஜார்ஜ், பயிற்சியாளர் ஓய்வு பெற்றதும் 2019ஆம் ஆண்டுக் கண்ணூர்ப் போட்டியில் காணப்படவில்லை. ஒரு விடுதி மூடினால் ஒரு மாவட்டத்தின் பெருமையே சரியும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

ஆகவே, தடை கேட்ட பள்ளிகளும் ஒருவகையில் தாமே விடுதிப் பள்ளிகள்தாம் என்பதை நாம் மறக்கலாகாது. செலவு செய்பவர் அரசா தனியாரா என்பதே வேறுபாடு.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் என்னும் மட்டைப் பந்தாட்டத்தில் இதற்கு எண் கட்டியே வேலி இட்டனர். ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகப் பதின்மூன்று முழு உபகாரச் சம்பளங்கள் தரலாம் என்றிருந்ததை, 1991இல் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். விளைந்த எண் 11.7! பத்தில் ஏழு பங்கு மாணவன் எந்த நிலையில் நிற்பான் என்று கேட்கவேண்டாம். அத்தொகையைக் கூறுபோட்டு இருபத்தேழு பேர் வரை பங்கிட்டனர். ஒருவருக்குக் கல்லூரிக் கட்டணத்தில் கால் பங்கு, மற்றொருவருக்கு அரைப் பங்கு.

செல்வம் மிக்க கல்லூரி திறமை அனைத்தையும் விலைக்கு வாங்க முடியாமற்போனது இதனால் விளைந்த நன்மை. 2008இல் ஃபிரெஸ்னோ, 2016இல் கோஸ்டல் கரோலினா எனப் பெரும்பெயர் பெறாத பல்கலைக்கழகங்கள் நாட்டுக் கோப்பையை வென்றன. ஆனால் அந்தச் சமநிலைக்கு விலை கொடுத்தவர் யார்? மீதிக் கட்டணத்தைக் கட்டவியலாத வீட்டுப் பையன்கள். கால் பங்கு உதவி முக்கால் பங்கு கடனையும் உடன் கொணரும் அன்றோ. கல்லூரிகளுக்கிடையே நீதி நிலவியது. குடும்பங்களுக்கிடையே அது நிலவவில்லை.

2025 ஜூன் 6ஆம் நாள் கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்ட உடன்பாட்டால் அந்த 11.7 நீங்கிற்று. உடன்பாட்டில் சேரும் கல்லூரி இனி முப்பத்துநான்கு பேரை மட்டுமே அணியில் வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேருக்கும் முழுத்தொகை தரலாம். தரக்கூடிய கல்லூரி தரும். தரவியலாதது பார்த்துக்கொண்டு நிற்கும். பழைய விதியின் கடைசி ஆண்டிலும் கோஸ்டல் கரோலினா இறுதிப் போட்டிவரை வந்து லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. இனி அத்தகைய சிறிய கல்லூரிகள் அவ்வளவு தொலைவு வருவது அரிது என்றே கருதுகிறோம். அணியின் எண்ணிக்கை சுருங்குவதால் வெளியேறும் பையன்களின் நிலையும் எண்ணத்தக்கது.

இந்த அனுபவத்தை நம் திடலுக்குக் கொணர்ந்து பார்ப்போம். விளையாட்டுப் பள்ளிக்கு அரசு தரும் உதவியைக் குறைத்துச் சமநிலை காண்பது அமெரிக்கர் செய்த வேலையையே மீளச் செய்வதாகும். அங்கே சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் எளியவர் வீட்டுப் பிள்ளைகள். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் உணவும் காலணியும் கொடுக்கும் கதவு அதுவே. கதவைக் குறுக்கலாகாது. பரிசுப் பட்டியலை வேண்டுமானால் இரண்டாகப் பிரிக்கட்டும். அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கு ஒன்று, பிறவற்றுக்கு ஒன்று. விதியைப் போட்டிக்கு முன்னரே அச்சிட்டுப் பள்ளிதோறும் அனுப்பட்டும். விடுதி நடத்தும் தனியார் பள்ளிகளும் எத்தனை பிள்ளைகளை எவ்வெம் மாவட்டங்களிலிருந்து சேர்த்தன என்னும் கணக்கைப் பட்டியலோடு வெளியிடட்டும். அப்போது எந்தக் கோப்பை எவர் செலவில் வந்தது என்பதைத் திடலில் அமர்ந்திருக்கும் பெற்றோரே படித்தறிந்துகொள்ளலாம்.